கடைக்குப் போகும் குழந்தையும் கண்ணில் படாத கேமராவும்

ஜப்பானின் நிப்பான் டிவியில் 'ஹஜிமேதே நோ ஒட்சுகாய்' என்றொரு நிகழ்ச்சி 1991 முதல் வந்துகொண்டிருக்கிறது. 'முதன்முதலாகக் கடைக்கு' என்று தமிழில் சொல்லலாம். பள்ளிக்கூட வயதுகூட ஆகாத குழந்தைகளைப் பெரியவர் துணையில்லாமல் ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்புவார்கள். நிகழ்ச்சி மொத்தமே அவ்வளவுதான். 2022இல் நெட்ஃபிளிக்ஸ் இதிலிருந்து இருபது சிறு பகுதிகளை எடுத்து 'ஓல்ட் எனஃப்!' என்ற பெயரில் வெளியிட்டது. முதல் பகுதியில் இரண்டு வயது ஒன்பது மாதச் சிறுவன் ஒருவன், கையில் மஞ்சள் கொடியோடு, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு நடக்கிறான். பூ, மீன் கேக், காரமில்லாத கறி மசாலா. மூன்று பொருள் வாங்கி வர வேண்டும். வாங்கி வந்துவிடுகிறான்.

இதைப் பார்த்த என் நண்பர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தார்கள். முதல் கட்சிக்கு ஜப்பான்னா ஜப்பான்தான். இரண்டாவது கட்சி, "பெத்தவங்களா இவங்க?" என்றது. மூன்றாவது நம்ம ஊர்க் கட்சி: "இதுல என்னங்க இருக்கு? நாங்கல்லாம் அஞ்சு வயசுலயே மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிட்டு ரேஷன் கடைல நின்னவங்க." மூவரும் பார்த்தது குழந்தையையும் பெற்றோரையும் மட்டும்தான். நிகழ்ச்சியும் அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது. அங்கேதான் எனக்கு இதனோடு சண்டை.

எங்கள் மென்பொருள் வேலையில் 'டெமோ' என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் முன்னால் திரையில் எல்லாம் தானாக நடக்கும். பின்னால் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதை அழுத்தவே கூடாது என்பதெல்லாம் முன்பே முடிவானது. 'ஓல்ட் எனஃப்!' அப்படியொரு டெமோ. குழந்தை போகும் வழியைப் பெற்றோரும் நிகழ்ச்சிக் குழுவும் முன்னதாகவே நடந்து பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் போகிறது. கேமராக்காரர்களும் பாதுகாப்பாளர்களும் வழிப்போக்கர்கள் போலவும் வேலையாட்கள் போலவும் வழியெங்கும் நிற்கிறார்கள். ஆக, அந்த ஒரு கிலோமீட்டரில் அந்தச் சிறுவனைப் போல இத்தனை பேரால் கவனிக்கப்படும் குழந்தை ஜப்பானிலேயே அன்றைக்கு வேறு இருந்திருக்காது. இது மோசடி என்று சொல்ல வரவில்லை. இரண்டே முக்கால் வயதுக் குழந்தைக்கு இத்தனை பேர் காவல் இருப்பதுதான் நியாயம். என் குறை வேறு. பார்வையாளரின் கண்ணீர் முழுக்கக் குழந்தையின் துணிச்சலுக்குப் போகிறது. அந்தத் துணிச்சலைச் சாத்தியமாக்கியவர்கள் சட்டகத்தின் ஓரத்தில் கேமராப் பையோடு ஒளிந்துகொள்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சிக்குத் தூண்டுதலாக இருந்தது இதே பெயரில் 1977இல் வந்த ஒரு படக்கதைப் புத்தகம். எழுதியவர் ட்சுட்சுயி யொரிகோ, வரைந்தவர் ஹயாஷி அகிகோ. ஐந்து வயது மீ-ச்சானைப் பால் வாங்கிவர அம்மா அனுப்புகிறாள். ஏன் அனுப்புகிறாள்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அம்மாவால் நகர முடியவில்லை, பால் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம். போகும் வழியில் மீ-ச்சான் விழுகிறாள், காசு உருண்டோடுகிறது. கடைக்குப் போனால் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பெரியவர்கள் அவள் தலைக்கு மேலே பேசி, வாங்கி, போய்க்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில்தான் கடைக்கார அம்மாளின் கண்ணில் படுகிறாள்.

புத்தகத்தின் உயிர் அந்தக் கடை வாசலில்தான் இருக்கிறது. தான் பேசினால் உலகம் தானாகத் திரும்பிப் பார்க்காது, கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருக்கும் என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்கிற நிமிடம் அது. நிகழ்ச்சியில் இந்த நிமிடம் நடக்கவே முடியாது. ஏனென்றால் அங்கே எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்குப் பின்னணிக் குரல் ஒன்று அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. புத்தகத்தில் ஒரு வீட்டின் தேவை குழந்தையைத் தெருவுக்கு அனுப்பியது. தொலைக்காட்சியில் கேமராவின் தேவை அனுப்புகிறது. ஒட்சுகாய் என்ற சொல்லுக்குள் இருக்கும் 'ட்சுகாய்' தூது போகிறவரையும் குறிக்கும். தூது என்றால் அனுப்புகிறவருக்கு ஓர் அவசரம் இருக்க வேண்டும். அது போய்விட்டால் மிஞ்சுவது பரீட்சைதான்.

தேவையை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானுக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. டென்மார்க்கில் தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையைக் காபிக் கடைக்கு வெளியே விட்டுவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி உள்ளே உட்கார்வது வழக்கம். குளிர்காற்று பிள்ளைக்கு நல்லது என்பார்கள். 1997 மே மாதம் கோபன்ஹேகனிலிருந்து நியூயார்க் வந்த ஒரு தாய் இதையே அங்கும் செய்தார். குழந்தைக்குப் பதினான்கு மாதம். உணவகத்துக்கு வெளியே தள்ளுவண்டி, உள்ளே சன்னலோரம் தாயும் தந்தையும். போலீஸ் வந்தது. இருவரும் கைதானார்கள். குழந்தை அரசுப் பராமரிப்புக்குப் போய்ச் சில நாட்கள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது.

அந்த நகரத்துக்கு அப்படிப் பயப்படக் காரணம் இருந்தது. 1979 மே 25 அன்று அதே மன்ஹாட்டனில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு முதன்முறையாகத் தனியாக நடந்தான். கையில் ஒரு டாலர், வழியில் குளிர்பானம் வாங்கிக்கொள்ள. அவன் திரும்பவேயில்லை. 1980களில் காணாமல்போன பிள்ளைகளின் முகங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சாகி அமெரிக்கக் காலை உணவு மேசைகளில் இருந்தன. ஜப்பானியரின் நினைவில் 'முதல் தடவை தனியாக' என்பது பாலோடு வீடு திரும்பும் கதை. அமெரிக்கரின் நினைவில் அது பால் பெட்டிமேல் இருக்கும் ஒரு முகம். இதைக் 'கலாச்சார வேறுபாடு' என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே இன்னொன்றும் ஓடுகிறது.

2016இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழந்தை கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறது. அதற்கு எவ்வளவு ஆபத்து என்று படிப்பவர்கள் மதிப்பிட வேண்டும். சூழல் மாறவில்லை, தாய் அங்கே இல்லாததற்கான காரணத்தை மட்டும் மாற்றினார்கள். அவள் விபத்தில் சிக்கிக்கொண்டாள் என்றால் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. வேலைக்குப் போனாள் என்றால் கூடியது. காதலனைச் சந்திக்கப் போனாள் என்றதும் இன்னும் ஏறியது. குழந்தை அதே இடத்தில்தான் இருக்கிறது. அப்படியென்றால் மக்கள் அளந்தது தெருவையா, தாயின் ஒழுக்கத்தையா?

இந்தக் கேள்வி ஜப்பானுக்கும் பொருந்தும். 2023 அக்டோபரில் சைதாமா மாகாண சபையில் ஆளும் கட்சியினர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தனியாக விடக்கூடாது. வீட்டில் விட்டுப்போவது, பிள்ளைகளை மட்டும் பூங்காவில் விளையாட விடுவது, கடைக்கு அனுப்புவது எல்லாமே இதில் வரும். அப்படிப் பார்த்தால் தகவல் சொல்ல வேண்டியது அக்கம்பக்கத்தார் கடமை. தண்டனை எதுவும் இல்லைதான். ஆனாலும் பெற்றோர்கள் கொதித்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர் வீட்டில், இதை எப்படிச் செய்வது? ஒரே வாரத்தில் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. டிவியில் முப்பது வருடமாக நாடே கண் கலங்கிப் பார்த்த காரியம், சட்ட வரைவில் குழந்தையைக் கைவிடுவதாக மாறப்பார்த்தது. இந்த முரண்பாட்டை நிகழ்ச்சி ஒருநாளும் தொடாது. தொட்டால் தாய்க்கு என்ன வேலை, எத்தனை மணிக்கு வருவாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டிவரும்.

ஜப்பானியத் தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டு, அது வானத்திலிருந்து குதித்ததில்லை. 1970இல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 16,765 பேர். அதைப் 'போக்குவரத்துப் போர்' என்றே அழைத்தார்கள். 2023இல் அந்த எண்ணிக்கை 2,678. இடையில் நடந்தவை நிறைய. கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும் என்ற சட்டம் 1962லேயே வந்துவிட்டது. அதனால் குடியிருப்புத் தெருவில் வரிசையாக நிற்கும் கார்களுக்கு இடையிலிருந்து குழந்தை திடீரென வெளிப்பட வேண்டியதில்லை. பிள்ளைகள் குழுவாகப் பள்ளிக்கு நடக்க வழி குறித்துவைத்திருக்கிறார்கள். பயந்தால் ஓடி நுழையலாம் என்று போலீஸ் எண்ணான 110ஐ ஒட்டிவைத்த வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. பல ஊர்களில் மாலையானால் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு கேட்கும், வீட்டுக்குப் போகும் நேரமாச்சு என்று. அங்கேயும் குழந்தைகள் கடத்தப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தெருவில் ஒரு கண்ணைக் கூட்டியிருக்கிறது.

இனி அந்த மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். 2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். ஜப்பானின் மக்கள்தொகை நம்முடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவர்கள் கணக்கு 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களை மட்டும் சேர்க்கும், நம்முடையது முப்பது நாள் கணக்கு. அதைச் சரிக்கட்டினாலும் இடைவெளி பெரிது. "அந்தக் காலத்துல நாங்க தனியா போனோம்" என்பது உண்மைதான். ஆனால் அதைத் துணிச்சலாகவும் இன்றைய பெற்றோரின் பயத்தைக் கோழைத்தனமாகவும் சொல்வது, நிகழ்ச்சி செய்வதையே நாமும் செய்வது. அப்போது தெருவில் இத்தனை வண்டி இல்லை. அண்ணாச்சி கடையில் அண்ணாச்சி இருந்தார், "அப்பா பேரைச் சொல்லு, நோட்டுல எழுதிக்கறேன்" என்று.

அந்தக் கண்ணையும் முழுசாகப் புனிதப்படுத்த வேண்டாம். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த வாய், எந்தத் தெருப் பிள்ளை என்றும் விசாரித்தது. சில பிள்ளைகள் கடைக்குள் கால் வைக்க முடியாமல் வெளியே நின்று வாங்கினார்கள். பெண் குழந்தை பெரியவளானதும் கடைக்குப் போவது நின்றது, "தம்பிய அனுப்பு" என்றாகிவிட்டது. எல்லோரையும் பார்த்துக்கொண்ட தெரு, எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்ததில்லை.

என் மகளுக்கு ஐந்து வயது. மீ-ச்சான் வயது. எங்கள் அடுக்ககத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அவளுக்குக் கணக்குத் தெரியும், கடைக்காரரைத் தெரியும், போக ஆசையும் இருக்கிறது. இடையில் இருப்பது நாற்பதடிச் சாலை. அதில் நடைபாதை கிடையாது, கோடு அழிந்துபோன கிராசிங் ஒன்று உண்டு. அதனால் கொத்தமல்லிகூடச் செயலியில் வருகிறது, பத்தே நிமிடத்தில். கொண்டுவருகிற பையன் அந்தப் பத்து நிமிடத்துக்காக அதே சாலையில் பறந்து வருகிறான். என் மகள் கடக்க முடியாத சாலையாக அது இருப்பதில் அவன் அவசரத்துக்கும் பங்குண்டு. அந்த அவசரத்தை அவன் தலையில் கட்டிய நிரல், என்னைப் போன்ற யாரோ ஒருவர் எழுதியது.

'ஓல்ட் எனஃப்!' பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். பார்க்கும்போது குழந்தையை விட்டுவிட்டு, ஒரு பகுதியையாவது அதன் பின்னணிக்காகப் பாருங்கள். எந்த வண்டி எவ்வளவு மெதுவாகப் போகிறது, எந்தக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து குனிகிறார், சாலையோரம் எவ்வளவு அகலம் நடக்க இருக்கிறது என்று பாருங்கள். 'போதுமான வயது' என்கிறது நெட்ஃபிளிக்ஸ் வைத்த தலைப்பு. என் மகளுக்கு வயது போதும். எதிர்க்கடைக்கு அவளை அனுப்ப எனக்கு வேண்டியது ஒரு வேகத்தடையும் வெள்ளைக் கோடும்தான். வார்டு அலுவலகத்தில் அதற்கான மனுவைக் கொடுத்திருக்கிறேன், எங்கள் வளாகத்தில் அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.