"மாமா, போலாமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நிதானம் கிடையாது. லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று மாசம் ஆகிறது. இன்னும் வீட்டில் "காபி போடட்டுமா" என்று கேட்டால்கூட "அங்கே ஒரு கோபுரம் இருந்துச்சு பாரு..." என்றுதான் ஆரம்பிக்கிறேன். வீட்டம்மா காதில் பஞ்சு வைக்காத குறை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை அல்லவா!

கூட்டிக்கொண்டு போனது தங்கச்சி மகள். ஈஸ்ட்ஹாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் பேசுவாள், பொறுமை கொஞ்சம் கம்மி. தேம்ஸ் நதிக்கு அந்தக் கரையில் செயின்ட் பால்ஸ் தேவாலயம், இந்தக் கரையில் 99 மீட்டர் உயரத்துக்கு ஒரு செங்கல் புகைபோக்கி. எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்த நிலையமாம். 1981-இல் மூடிவிட்டார்கள், 2000-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். டர்பைன்கள் ஓடிய கூடத்தை இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே இறங்குகிற சரிவில் குழந்தைகள் படுத்து உருள்கிறார்கள், யாரும் அதட்டவில்லை. நிரந்தர சேகரிப்பைப் பார்க்கக் காசும் கிடையாது. காசு கிடையாது என்று மூன்று தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

முதல் அடி ஓவியர் மத்தீஸிடம் வாங்கினேன். 'நத்தை' என்ற படத்தைப் பல வருஷத்துக்கு முன் ஒரு பழைய பத்திரிகையில் தீப்பெட்டி அளவுக்குப் பார்த்திருக்கிறேன். வெட்டி வைத்திருந்தேன், எங்கேயோ தொலைந்துவிட்டது. இங்கே அது சுவர் முழுக்க நிற்கிறது! கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர்! 1953-இல் செய்தது, மனிதர் இறப்பதற்கு முந்தின வருஷம், எண்பதைத் தாண்டியவர், தூரிகை பிடித்து நின்று வரைய உடம்பு விடவில்லை. அதனால் உதவியாளர்கள் காகிதத்துக்கு வண்ணம் பூசிக் கொடுக்க, இவர் உட்கார்ந்தபடியே கத்தரிக்கோலால் வெட்டி, 'இங்கே வை, கொஞ்சம் சாய்த்து வை' என்று சொல்லச் சொல்ல ஒட்டியது. பச்சை, ஆரஞ்சு, நீலம், கறுப்பு எல்லாம் நத்தை ஓடு மாதிரி சுருண்டு சுருண்டு போகிறது. கிட்டே போய்ப் பாருங்கள், காகிதத்தில் குண்டூசி குத்திய ஓட்டைகூடத் தெரியும். இடது பக்கம் மேலே ஒரு இளம் ஊதாத் துண்டு இருக்கிறதே, அதன் ஓரத்தைக் கவனியுங்கள். குட்டியாக ஒரு நத்தை! நிஜ நத்தை உருவம்! கத்தரிக்கோலை ஒரு திருப்பு திருப்பி, 'என்ன, கண்டுபிடித்தாயா' என்று கிழவர் கண்ணடிக்கிறார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி திரும்பிப் பார்க்க, அவருக்கும் விரலால் காட்டினேன், அவரும் சிரித்தார். மருமகள் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

தூஷாம்ப் என்ற கலைஞர் கலைப்படைப்பென்று வைத்த மூத்திரத் தொட்டியையும் பார்த்தோம். 1917-இல் வைத்த அசல் தொலைந்துபோய், இது 1964-இல் செய்த நகல். "இதுக்கா மாமா இவ்வளவு கூட்டம்?" என்றாள். அசல் தொலைந்ததுதான் அதிலேயே பெரிய ஜோக் என்று எனக்குப் பட்டது. நகர்ந்துவிட்டோம்.

அப்புறம் ஓவியர் ராத்கோவின் அறை. விளக்கைத் தணித்து வைத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் கருஞ்சிவப்பு, அரக்கு, கறுப்பு. மூடிய ஜன்னல்கள் மாதிரி பெரிய பெரிய கித்தான்கள். முதல் நிமிஷம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிஷம் 'சரி, கால் வலிக்குது, உட்காரலாம்' என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனையாவது நிமிஷம் என்று தெரியாது, அந்தச் சிவப்பின் ஓரங்கள் மெதுவாக அசைய ஆரம்பித்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அசைந்தது. மத்தியான வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பினால் இமைக்குள்ளே ஒரு சிவப்பு துடிக்குமே, அதற்குள் போய் உட்கார்ந்த மாதிரி. நியூயார்க்கில் ஒரு ஆடம்பர உணவகத்துக்கென்று 1958-இல் கேட்டு வாங்கிய வேலை இது. வரைந்து முடித்தவர், 'சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் என் படமா' என்று வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்பதை டேட்டுக்குத் தானமாகத் தந்தார். அவை லண்டன் வந்து சேர்ந்தது 1970 பிப்ரவரி 25. அதே நாள்தான் அவர் நியூயார்க்கில் தன் ஸ்டுடியோவில் இறந்து கிடந்தார். இதைப் படித்துவிட்டு மறுபடி நிமிர்ந்து அந்தச் சிவப்பைப் பார்க்கவேண்டுமே... சரி, விடுங்கள். கைக்குட்டை மருமகளிடம் இருந்தது.

இப்போது வருகிறேன் என் கோபுரத்துக்கு.

என் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை. பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான். ஈயம் உருகுகிற புகை, வால்வு சூடேறும்போது மரப்பெட்டியின் பின்பக்கம் வருகிற தூசி கருகிய வாசனை, கெட்டுப்போன பெட்டிகள் கூரை வரைக்கும். சாயங்காலம் அப்பா சிலோன் ஸ்டேஷனைப் பிடிப்பார். முள் நகர நகர 'கொர்ர்ர்... ஊய்ய்ங்' என்று இரைச்சல், நடுவில் ஏதோ புரியாத பாஷை, ஒரு நொடி வயலின், மறுபடி இரைச்சல். பாட்டைவிட எனக்கு அந்த இரைச்சல்தான் பிடிக்கும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இப்போது கற்பனை செய்துபாருங்கள். ஒரு இருட்டு அறை. இருட்டு என்றால் சும்மா இருட்டு இல்லை, அவுரி நீலம் கரைத்து ஊற்றிய இருட்டு. கண் பழகவில்லை. அதற்கு முன்னாலேயே காதுக்கு எட்டிவிடுகிறது: முணுமுணுப்பு. கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் கேட்குமே, ஒரு வார்த்தையும் புரியாத அந்த மொத்தச் சத்தம், அது. இரண்டடி வைத்தால் எதிரே ஐந்து மீட்டர் உயரத்துக்கு வட்டமாக ஒரு கோபுரம், முழுக்க முழுக்க ரேடியோ! நூற்றுக்கணக்கான பழைய ரேடியோக்கள்! அடியில் பெரிய பெரிய மரப்பெட்டி வால்வு ரேடியோக்கள், மேலே போகப் போகச் சின்னச் சின்ன ட்ரான்சிஸ்டர்கள், அதனால் கோபுரம் இருப்பதைவிட இன்னும் உசரமாகத் தெரிகிறது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது! ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்டேஷன், ஒவ்வொன்றின் சத்தமும் காதுக்கு எட்டுகிற குறைந்தபட்ச அளவில், டயல் வெளிச்சங்கள் மஞ்சளாய் சிவப்பாய்ப் பச்சையாய் மினுக்கிக்கொண்டு. பிரேசில்காரர் சில்டோ மெய்ரெலெஸ் 2001-இல் செய்தது, பெயர் 'பாபேல்'. வானத்தைத் தொடக் கோபுரம் கட்டியவர்களின் மொழியைக் கடவுள் கலைத்துப்போட்ட பைபிள் கதை தெரியுமே, அந்த பாபேல். எனக்கு அந்த நேரத்தில் பைபிளும் இல்லை பிரேசிலும் இல்லை. அப்பாவின் கடை எழுந்து நிற்கிறது, அவ்வளவுதான்! கூரையைப் பிய்த்துக்கொண்டு, ரிப்பேர் ஆகாமல் கிடந்த ஒரு பெட்டி விடாமல் எல்லாவற்றுக்கும் உயிர் வந்து, நான் ஆசைப்பட்ட அந்த இரைச்சல் நாலா பக்கமிருந்தும் கொட்டுகிறது, நான் வாயைத் திறந்தபடி சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒரு பெட்டியில் கிரிக்கெட்டோ கால்பந்தோ யாரோ கத்துகிறார்கள், இன்னொன்றில் விளம்பரம், இன்னொன்றில் பியானோ, அடுத்த அடி வைத்தால் எல்லாம் கலந்து மறுபடி கடல்!

தமிழ் கேட்குமா என்று தேட ஆரம்பித்தேன். லண்டனில் இத்தனை தமிழர்கள் இருக்கிறார்களே, ஒரு பெட்டியிலாவது வராதா? கயிற்றைத் தாண்டாமல் எவ்வளவு சாய முடியுமோ அவ்வளவு சாய்ந்து, ஒவ்வொரு பெட்டியாகக் காதைக் கொடுத்தேன். ஒரு இடத்தில் 'வாங்க' என்று கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது. மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினால் அது ஏதோ கார் இன்ஷூரன்ஸ் விளம்பரம். காவலுக்கு நின்ற பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, போலாமா?" ஐந்தாவது முறை.

"இன்னும் ஒரு சுத்து."

"நாப்பது நிமிஷம் ஆச்சு மாமா. பசிக்குது."

குறை என்று ஏதாவது சொல்லவேண்டுமென்றால், அந்த அறையில் உட்கார ஒரு பெஞ்ச் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நான் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன், அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த ரேடியோக்களில் வருவது பதிவு செய்து போட்டது இல்லை, அந்தந்த நிமிஷத்து ஒலிபரப்பு. அப்படியென்றால் நான் கேட்ட சத்தம் இனி ஒருநாளும் திரும்ப வராது, நாளைக்கு வேறு சத்தம்! இது உறைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் யாரிடமும் சொல்லாமல் ஈஸ்ட்ஹாமில் ரயில் ஏறி பிளாக்ஃப்ரையர்ஸில் இறங்கி, மற்ற எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேராகக் கோபுரத்துக்குப் போனேன். அதே பெரியவர். தலையை லேசாக ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

சாப்பிடாமல் மத்தியானம் மூன்று மணி வரை நின்றது வீண்போகவில்லை. மூன்றடிக்க ஐந்து விநாடி இருக்கும்போது, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து 'பிப்' என்றது ஒரு பெட்டி. அடியில் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று, உச்சியில் எங்கோ ஒன்று, எல்லாம் ஒரே நேரத்தில் 'பிப்... பிப்...' பிபிசியின் மணி ஒலி! ஐந்து சின்னது, கடைசியில் ஒன்று நீளம். ஆளுக்கொரு பாஷை பேசிக்கொண்டிருந்த கோபுரத்தில் நாலைந்து பெட்டிகள் ஆறே விநாடிக்கு ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு மறுபடி பிரிந்து போயின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அதிர்ந்தது. மருமகள்தான்.

"மாமா, எங்க இருக்கீங்க? அம்மா பயந்துட்டாங்க!"

பதில் சொல்லவில்லை. ஃபோனை எடுத்துக் கோபுரத்தின் பக்கம் நீட்டினேன்.