ஸ்டவ் வெடித்த கணக்கு

பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவிகள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நம்பகமான புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்? இடங்களைச் சொல்வது எளிது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. மரணத்துக்கான மருத்துவச் சான்றுகளின் தொகுப்பும் காவல்துறை வழக்குகளின் ஆண்டறிக்கையும் இருக்கின்றன. எல்லாமே அரசின் எண்கள். ஆனால் ஒரு கதையையோ தன்வரலாற்றையோ வாசிக்கும்போது நாம் கேட்கும் கேள்விகளை இந்த அட்டவணைகளிடமும் கேட்டாக வேண்டும். இங்கே பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள்?

ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி என்ற செய்தியை என் தலைமுறைப் பெண்கள் நாளிதழ்களில் படித்துப் படித்தே வளர்ந்தோம். மாமியார் சமைக்கும்போது வெடிக்காத ஸ்டவ் மருமகளிடம் மட்டும் ஏன் வெடிக்கிறது என்று பெண்கள் இயக்கத்தினர் அப்போதே கேட்டார்கள். எண்களின் வழியாக அதை அணுகிய ஆய்வொன்று 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயினால் ஏறக்குறைய 1,63,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்கு உட்பட்டவர்கள். காவல்துறையின் கணக்கைப்போல் இது ஆறு மடங்கு. விபத்து எத்தனை, தற்கொலை எத்தனை, கொலை எத்தனை என்று அந்த எண் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் காவல் நிலையத்தின் ஏட்டுக்குள் வராமலே இத்தனை பெண்கள் எரிந்துபோயிருக்கிறார்கள் என்பதை அது மறுக்க முடியாதபடி நிறுவியது.

இதற்காக அந்த ஆய்வாளர்கள் புதிதாக வீடு வீடாகப் போகவில்லை. நகரங்களின் மருத்துவச் சான்றுகளையும், கிராமங்களில் இறந்தவரின் வீட்டாரிடம் கேட்டுத் தொகுத்த மரணக் காரணத் தரவையும் சேர்த்துப் படித்தார்கள். இரண்டும் அரசிடம் ஏற்கெனவே இருந்தவை.

இறப்புப் பதிவேட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மரணத்தையும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். 2020இல் பதிவான சுமார் 81 லட்சம் மரணங்களில் ஆண்கள் 60.2 சதவீதம், பெண்கள் 39.8 சதவீதம். ஆண்கள் சற்று அதிகமாக இறப்பது உண்மைதான். ஆனால் இந்த இடைவெளி முழுவதையும் அது விளக்காது. மனை, வங்கிக் கணக்கு, காப்பீடு, ஓய்வூதியம் என எதுவும் தன் பெயரில் இல்லாத கிழவி இறந்தால் அவளுடைய இறப்புச் சான்றிதழ் யாருக்குத் தேவைப்படுகிறது? பதிவான மரணங்களிலும் அந்த ஆண்டு மருத்துவக் காரணம் சான்றளிக்கப்பட்டவை 22.5 சதவீதம் மட்டுமே. ஆஸ்பத்திரி வரை போக முடிந்தவர்களின் கணக்கே அதில் பெரும்பங்கு. அதை நாட்டுப் பெண்கள் அனைவரின் கணக்காக எழுதிவிடக் கூடாது.

குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடமே நேரில் பேசுகிறது. அதுதான் அதன் பலம். ஆனால் எந்தப் பெண்களிடம்? 1992-93இலும் 1998-99இலும் திருமணமானவர்களிடம் மட்டுமே கேட்டார்கள். மணமாகாதவள் 2005-06இல்தான் உள்ளே வந்தாள். இன்றும் 49 வயதோடு கேள்விகள் நின்றுவிடுகின்றன. கருப்பை ஓய்ந்ததும் பெண் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறாள். அந்த வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடுவோர், 45 வயதைக் கடந்தவர்களிடம் 2017-18இல் தொடங்கிய முதுமை பற்றிய தேசிய ஆய்வுக்குத்தான் போக வேண்டும்.

2021 நவம்பரில், ஆயிரம் ஆண்களுக்கு 1020 பெண்கள் என்று தலைப்புச் செய்தி வந்தது. முந்தைய இரவு வீட்டில் தங்கியிருந்தவர்களை எண்ணியதால் கிடைத்த எண் அது. வெளியூர் வேலைக்குப் போய் முகாமிலும் விடுதியிலும் தங்கிய ஆண்கள் அதில் வரமாட்டார்கள். அதே அறிக்கையில் முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளின் விகிதம் ஆயிரம் ஆண்களுக்கு 929 பெண்கள். கொண்டாடியவர்கள் இந்த வரிக்கு வரவில்லை.

வன்முறை பற்றிய பகுதி இன்னும் கவனம் கோருவது. 18 முதல் 49 வயதுவரை உள்ள, மணமான பெண்களில் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள் நாட்டில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம், அவள் தனியாக இருந்தால் மட்டுமே இந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. தனிமை கிடைக்காவிட்டால் கேட்பதில்லை. தனிமையே கிடைக்காத வீடு எப்படிப்பட்ட வீடு என்று நமக்குத் தெரியும். ஆகவே இந்த எண்ணைக் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் எண் கூடுதலாக இருப்பதில், அடி எவ்வளவு, அதைச் சொல்லும் துணிவு எவ்வளவு என்பதையும் அட்டவணை பிரித்துக் காட்டாது. உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குடும்ப வன்முறையை எழுதும் ஆய்வேடு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் சொன்னால், அரசின் எண்களே வேண்டாம், பெண்களின் வாய்மொழி போதும் என்று சொல்லும் தோழிகள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இறந்தவள் வாய்மொழி தர வரமாட்டாள். அந்த 1,06,000 பேரை எந்த நேர்காணலும் கண்டெடுத்திருக்காது. நிதி ஒதுக்கீடு கேட்கும்போதும் நீதிமன்றத்தில் நிற்கும்போதும் எண்தான் கேட்கப்படுகிறது. அந்த இடத்தை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். அட்டவணைக்கு முன்னால் கேள்வித்தாளைப் படியுங்கள். குடும்பநலக் கணக்கெடுப்பின் அறிக்கையிலேயே அது இணைக்கப்பட்டிருக்கிறது. யாரிடம் கேட்டார்கள், யாரை விட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்து கேட்டால் அதன் மூலத் தரவே ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். பிறகு அதே விஷயத்தைச் சொல்லும் இன்னொரு அரசுக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் உங்கள் ஆய்வைத் தொடங்குங்கள்.