விட்டுவிட்டு எரியும் விளக்கு

காரின் டேஷ்போர்டில் எஞ்சின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு, புகையின் மாசைக் கூட்டக்கூடிய கோளாறு ஒன்றை எஞ்சின் கணினி கண்டுகொண்டது என்பதன் அறிவிப்பாகும். அது படபடவெனச் சிமிட்டினால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்ற அவசர எச்சரிக்கை. ஆனால் சில நாள் எரிந்து சில நாள் மறையும் விளக்கே மெக்கானிக்கின் கைத்திறனைச் சோதிப்பது. விளக்கு தானே அணைந்த பிறகும், கோளாற்றின் குறியீட்டு எண்ணும், அது நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பநிலை முதலியவற்றைப் பிடித்துவைத்த பதிவான உறைநிலைத் தரவும் சில காலம் நினைவகத்தில் தங்கியிருப்பதால், ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி அவற்றைப் படிக்கலாம். எனினும் எண் சுட்டுவது எந்தச் சுற்றில் பழுது என்பதை மட்டுமே. அதைப் பார்த்த மாத்திரத்தில் சென்சாரை மாற்றுவது சோம்பேறி வைத்தியம். 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாம்பரத்துப் பகுதிகளில், நீர் புகுந்த கனெக்டரின் செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏறி, குழியில் வண்டி குலுங்கும்போது மட்டும் மின்தொடர்பு அறுந்து மீள்வது நடக்கக்கூடியதே. ஆகவே தேர்ந்த மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனர் திரையில் ஓடும் அளவுகளில் கண் வைத்தபடியே வயர்க்கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்து, அளவு துள்ளும் இடத்தைத் தேடுகிறார். அங்கும் அகப்படாவிட்டால், ஸ்கேனரைக் கழற்றாமலே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வரை ஓட்டிப் பார்க்கிறார்.