மூலமும் பெயர்ப்பும்

முதல்நூலைத் தழுவி எழுவது வழிநூல். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதனை நான்காக வகுக்கிறது தொல்காப்பிய மரபியல். சுருக்கியதற்கு ஒரு பெயர். மொழிபெயர்த்ததற்கு வேறொரு பெயர். ஒன்றை மற்றொன்றாகக் காட்டினால் கற்பவர் ஏமாறுவர். இவ்வுண்மை ஏட்டுக்கு மட்டுமன்றித் திரைக்கும் பொருந்தும் என்பதை, ஜப்பானிய ஓவியத் திரைப்படங்கள் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற வரலாறு தெளிவாக்குகிறது.

ஹயாவோ மியாசாகி 1984இல் இயக்கிய 'காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிகா' 117 நிமிடம் ஓடும் படம். மாந்தர் அஞ்சும் நச்சுக் காட்டையும், அங்கு வாழும் ஓமு என்னும் பெரும்பூச்சிகளையும் பரிவோடு அறிய முயலும் ஓர் இளவரசியின் கதை அது. 1985இல் நியூ வேர்ல்டு பிக்சர்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அதில் ஏறத்தாழ 22 நிமிடங்களை வெட்டி, 'காற்றின் வீரர்கள்' என்னும் பொருள்படப் பெயர் மாற்றி வெளியிட்டது. நவுசிகா 'சாண்ட்ரா' ஆனாள். ஓமுக்கள் வெறும் பகைக் கூட்டமாயின. குறைந்தது நேரம் மட்டுமன்று, கருத்துமாகும். தொகுத்தல் என்பது மூலத்தின் கருத்தைக் காத்துச் சுருக்குவது. ஆதலின் இதனைத் தொகுத்தல் என்றலும் பொருந்தாது.

இப்பட்டறிவுக்குப் பின், மியாசாகியின் ஜிப்லி படநிறுவனம் எந்த வெட்டுக்கும் இணங்குவதில்லை என உறுதி பூண்டது. 'இளவரசி மோனோனோகே' (1997) படத்தை மிராமாக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட முன்வந்தபோது, தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி அதன் தலைவருக்கு ஒரு ஜப்பானிய வாளை அனுப்பி, 'வெட்டுதல் கூடாது' என்னும் செய்தியையும் உடன் சேர்த்தார். 1999இல் அப்படம் வெட்டின்றி வெளிவந்தது.

ஆயினும் வழக்கு அத்துடன் தீரவில்லை. அதன் டிவிடி 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் வரும் என்றும், அதில் ஆங்கிலக் குரல் மட்டுமே இருக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. சுவைஞர்கள் கூடி விண்ணப்பம் விடுத்தனர். விற்பனை குன்றும் என்றும் எச்சரித்தனர். அவர்கள் கேட்டது ஆங்கிலக் குரலை நீக்குமாறு அன்று; ஜப்பானியக் குரலையும் சேர்க்குமாறே. நிறுவனம் செவிசாய்த்தது. வெளியீடு டிசம்பருக்குத் தள்ளப்பட்டு, மூலக் குரலும், சப்டைட்டில் எனப்படும் அடிவரிகளும் இணைக்கப்பட்டன.

இவ்விண்ணப்பம் முறையானதே என்பதற்கு அப்படத்திலேயே சான்று உண்டு. ஜிகோ என்பான் ஒரு சூப்பைப் பழிக்குமிடத்து, அது நீர்போல் இருக்கிறதென்பது ஜப்பானிய மூலம். அவ்வளவில் அது ஆங்கிலேயர் செவிக்குக் கடும்பழியாகாது. எனவே ஆங்கில வசனம் அமைத்த நீல் கெய்மன், அதனைக் கழுதையின் மூத்திரம் என்றாக்கினார். உணர்ச்சியைக் காக்கச் சொல்லைத் துறந்தார். அது திறமையான பெயர்ப்பே. எனினும் மூலக் குரலும் உடனிருந்தாலன்றி, அத்திறமையை அளந்தறிய எவருக்கும் வழியில்லை.

அடிவரியும் குறையற்றதன்று. ஓரிரு வரிக்குள் சில நொடியில் படித்து முடிக்கவேண்டியிருத்தலின், அதுவும் பலவற்றை விட்டே செல்லும். விரைந்து படிக்க இயலாத சிறாருக்கும் முதியோருக்கும் மாற்றுக் குரலே துணை. ஆகவே எது உயர்ந்தது என்னும் வாதம் பயனற்றது. மாற்றுக் குரல் மூலக் குரலை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. அடிவரியோ, மூலத்தின் கீழ் அச்சிட்ட உரைபோல் அதனுடன் வாழ்கிறது. உரை பிழைபட்டால் மூலம் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

வெட்டுண்ட நவுசிகாவும் 2005இல் ஜப்பானியக் குரலோடும் அடிவரிகளோடும் அமெரிக்காவில் முழுமையாக வெளிவந்தாள். இடைப்பட்ட இருபது ஆண்டில் சாண்ட்ராவை மட்டுமே கண்டவர்கள், தாம் கண்டது மியாசாகியின் படைப்பென்றே எண்ணியிருப்பர். மொழிபெயர்ப்பைக் கற்பிப்போர் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டத் தக்க செய்தி இது. சுருக்கினால் சுருக்கம் என்று சொல்லுக. பெயர்த்தால் மூலத்தையும் உடன்வைக்க.