போகாத ஊருக்கு வழி: நகராத சைக்கிளின் அரசியல் குறித்து

1

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சட்டகத்தை ஒரு தாங்கியில் மாட்டிவிடுகிறார்கள். தாங்கிக்குள் கனமான சுழல்தட்டு. அதை இறுக்கவும் தளர்த்தவும் மின்காந்தம். எதிரே திரை. திரையில் சாலை. இவர் மிதிக்க மிதிக்க, திரையில் இவரைப் போல ஒரு பொம்மை மிதித்துக்கொண்டு போகிறது. சாலை மேடேறினால் மின்காந்தம் இறுகுகிறது, கால் கனக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினால் காற்றின் தடை குறைந்ததாகக் கணக்கிட்டு, அதே உழைப்புக்குக் கூடுதல் வேகம் தருகிறது மென்பொருள். அந்த 'முன்னால் போகிறவர்' இன்னொரு கண்டத்தில் இன்னொரு அறையில் வேர்த்துக்கொண்டிருக்கிறார்.

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விஃப்ட் என்ற கம்பெனி 2014இல் இதைச் சோதனை வடிவில் வெளியிட்டது. 2015 இறுதியில் மாதச் சந்தா 10 டாலர், 2024இல் 19.99 டாலர். 2020இல் 45 கோடி டாலர் முதலீடு அதற்குள் வந்து இறங்கியது.

"பணக்கார நாட்டுக்காரன் வீட்டுக்குள்ள உக்காந்து சைக்கிள் மிதிக்கிறான், மிதிச்சுட்டுப் போறான், உமக்கு என்னய்யா?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்டார்கள். உடல், உழைப்பு, இடம் என்று நாம் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவந்த மூன்று சொற்களையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து ஒரே எந்திரத்தில் பூட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு.

இதைப் பற்றிப் பேச இரண்டு தயார்நிலை வாசகங்கள் உண்டு. ஒன்று தொழில்நுட்பத் துதி. மற்றது, 'ஐயோ, மெய்யான சாலை போச்சே, மெய்யான காற்று போச்சே' என்கிற ஒப்பாரி. இரண்டாவது முற்போக்காகத் தோன்றும். ஆனால் மெய்/பொய் என்கிற எதிர்மையை அப்படியே நம்பி ஏற்கிறது என்பதால் அதுவும் நமக்கு உதவாது. இங்கே வேர்வை மெய், மூச்சிரைப்பு மெய், சந்தா மெய். பொய் என்று சொல்லக்கூடியது சாலை மட்டும்தான். அந்தச் சாலை யாருடையது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2

ஓரிடத்தில் நின்றபடி மிதிப்பது புதிதல்ல. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்காக நகராத சைக்கிள்கள் இருந்தன. கப்பலின் அடித்தளத்தில் ஒரு கூட்டம் நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரம், மேல்தளத்தில் இன்னொரு கூட்டம் உடம்பு அசைய வேண்டுமே என்று மிதித்தது. ஒரே கப்பலில் இரண்டு வகை வேர்வை.

இதற்கும் முன்னால் இன்னொரு வம்சாவளி இருக்கிறது, அது சிறைச்சாலையில் தொடங்குகிறது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் ஆங்கிலேயச் சிறைக் கைதிகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை வடிவமைத்தார். பெரிய உருளை, அதில் படிகள். கைதி ஏறுவான், படி கீழே போகும், மறுபடி ஏறுவான். எவ்வளவு ஏறினாலும் அதே உயரம். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில சிறைகளில் எதையும் அரைக்கவில்லை, காற்றைத்தான் அரைத்தது. கைதிகள் ஒருவரோடொருவர் பேசாதிருக்க நடுவே தடுப்புப் பலகைகள் வைத்தார்கள். 1895இல் ஆஸ்கார் வைல்டு இதில் மிதித்தார். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இது முடிவுக்கு வந்தது. நம் பக்கத்தில் வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அங்கே குறைந்தபட்சம் எண்ணெய் வந்தது.

தண்டனைக் கருவியும் பயிற்சிக் கருவியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கைதி இறங்க முடியாது. இவர் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: விளைபொருளிலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட உழைப்பு. ஒருவர் 200 வாட் வீதம் ஒரு மணி நேரம் மிதித்தால் 0.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படுகிறது. அது அத்தனையும் தாங்கிக்குள் சூடாகிக் கரைந்துபோகிறது. போதாததற்கு மின்விசிறியும் திரையும் கணினியும் கரண்டு இழுக்கின்றன. செக்குமாட்டு உவமைகூட இங்கே பொருந்தாது.

அப்படியானால் விளைவதே எதுவும் இல்லையா? விளைகிறது. எண் விளைகிறது. வாட், இதயத் துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று. ஃபூக்கோ 1975இல் ஒழுங்காற்றப்பட்ட உடலைப் பற்றி எழுதியபோது, கண்காணிப்பு கோபுரத்திலிருந்து வந்தது. இங்கே கோபுரம் கைப்பிடியின் மேல் இருக்கிறது, அதற்கு வாடகையும் கண்காணிக்கப்படுகிறவரே கட்டுகிறார். 'நான் யார்?' என்ற கேள்விக்கு மென்பொருள் பல ஆண்டுகள் ஒரே பதில்தான் வைத்திருந்தது: எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை வாட். நாலுக்கு மேல் என்றால் 'ஏ' பிரிவு, 3.2க்கு மேல் 'பி', 2.5க்கு மேல் 'சி', அதற்கும் கீழே 'டி'. இந்தக் கணக்கில் முன்னேற இரண்டு வழிகள்: வலுவைக் கூட்டலாம், உடம்பைக் குறைக்கலாம். எடையை அவரவரே தட்டச்சு செய்துகொள்ள வேண்டும் என்பதால் மூன்றாவது வழியும் உண்டு, பொய் சொல்லலாம். ஆகவே உயர்மட்டப் பந்தயங்களில் போட்டியாளர் தன்னைத்தானே எடைபோட்டு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தன்னைத் தானே கண்காணிக்கிற 'தன்னிலை' என்று இதழ் இதழாக நாம் மொழிபெயர்த்தோமே, இதோ, எடைமேடை மீது நிற்கிறது.

3

இந்த மென்பொருளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மலையேற்றத்தின் கடினத்தை எவ்வளவு உணர வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே திருகி வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் தொடாவிட்டால் பாதியில் இருக்கும். அதாவது பத்து சதச் சரிவு காலுக்கு ஐந்து சதமாகத் தெரியும். 'அடேயப்பா, மலையையே பாதியாக்கிட்டானே' என்று தோன்றும். ஆனால் உச்சிக்குப் போக வேண்டிய வாட் குறைவதில்லை. சுலபமான கியரில் மிதிக்கலாம், அவ்வளவே. அதே வேகத்தில் ஏற வேண்டுமானால் அதே உழைப்பைத்தான் தர வேண்டும். தாராளவாதம் தருகிற சுதந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை. உணர்வை மாற்றிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. கட்ட வேண்டியது மாறாது.

பொய்யும் மெய்யும் எங்கே கைகுலுக்குகின்றன என்பதை 2019இல் நடந்த ஒரு விவகாரம் காட்டிக்கொடுத்தது. திரைக்குள் ஒளிரும் சக்கரங்கள் கொண்ட ஒரு சைக்கிள் இருக்கிறது. அது விலைக்குக் கிடைக்காது. திரைக்குள்ளேயே 50,000 மீட்டர் மலையேறினால்தான் வரும். பிரிட்டனின் முதல் தேசிய மின்விளையாட்டுச் சைக்கிள் சாம்பியன் அந்தச் சைக்கிளைப் பெற, மிதிக்காமலே மிதித்ததாகக் கணக்குக் காட்டும் ஒரு நிரலைப் பயன்படுத்தியது தெரியவந்தது. பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பு பட்டத்தைப் பறித்தது, 250 பவுண்டு அபராதம் போட்டது, ஆறு மாதம் தடை விதித்தது. பந்தயத்தின்போது அவர் கால்களால்தான் மிதித்தார். குற்றம் எங்கே? இல்லாத மலையை ஏறாமல் இல்லாத சைக்கிளைப் பெற்றதில். தண்டனை? இருக்கிற பவுண்டில்.

சிரிக்கலாம். சிரித்துவிட்டு யோசிக்க வேண்டும். இல்லாத சைக்கிளுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அதைப் பெறுவதற்காக ஆயிரக்கணக்கானோர் மெய்யாகவே மிதித்த நேரத்திலிருந்து வந்தது. பண்டத்தின் மதிப்பு அதில் உறைந்த உழைப்பு என்று பழைய ஆசான் சொன்னது, பண்டமே இல்லாத இடத்திலும் ஏதோ ஒரு வகையில் செல்லுபடியாகிறது. அந்த அமைப்பு காப்பாற்றியது விளையாட்டின் நேர்மையை மட்டுமல்ல, அந்த மதிப்பையும்தான்.

4

இனி இடத்துக்கு வருவோம். ஸ்விஃப்டின் முதன்மை நிலப்பரப்புக்குப் பெயர் வாட்டோபியா. தாமஸ் மோர் 1516இல் எழுதிய உட்டோபியாவும் ஒரு தீவுதான்; 'இல்லாத இடம்' என்பது அந்தச் சொல்லின் பொருள். அதோடு வாட் என்ற அளவைச் சேர்த்திருக்கிறார்கள். நம்மூரில் 'போகாத ஊருக்கு வழி' என்பார்களே, அதையே சந்தாவுக்கு விற்கிறார்கள்.

எம்.ஏ. தமிழ் படித்த பழக்கம் விடாது. ஒரு நிலத்தைக் காட்டினால் திணை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. வாட்டோபியாவில் எரிமலை இருக்கிறது, பனிமலை இருக்கிறது, பாலைவனம், மழைக்காடு, அதற்குள் மாயா நாகரிகத்து இடிபாடுகள், கடலுக்கடியில் கண்ணாடிக் குழாய்ச் சாலை. எல்லாத் திணைகளும் சில மைல்களுக்குள். இதைத் திணைமயக்கம் என்று சொல்லலாமா? கூடாது. தொல்காப்பியம் கருப்பொருள் என்று அடுக்குகிறபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போகிறது. மண் என்றால் அங்கே ஒருவர் சாப்பிட வேண்டும், ஒரு தொழில் செய்ய வேண்டும், எதையாவது கும்பிட வேண்டும், எதையாவது தட்ட வேண்டும். வாட்டோபியாவில் விலங்கு உண்டு, மரம் உண்டு. இடிபாடு உண்டு, கட்டியவர் இல்லை. உழுகிறவர் இல்லை, சாலை போட்டவர் இல்லை. கருப்பொருளிலிருந்து மக்களைக் கழித்தால் மிஞ்சுவது சுற்றுலாப் படம்.

இது கற்பனைத் தீவு, இதில் போய் மக்களைத் தேடுவானேன் என்று கேட்டால், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓட்டிய பயணத்தைப் பதிவேற்றுவதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். பூமியில் ஏதாவது ஒரு புள்ளி வேண்டும். வாட்டோபியாவின் சாலைகளைத் தென் பசிபிக்கில் சாலமன் தீவுகளின் தெமோட்டு மாகாணத்திலுள்ள தெயானு என்ற தீவின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். ஆகவே பயணப் பதிவுகளின் உலக வரைபடத்தில், சைக்கிள் போக்குவரத்து மிகுந்த இடங்களில் ஒன்றாகத் தெயானு தெரியும்.

தெயானு ஆளற்ற தீவல்ல. வனிக்கோரோ என்ற தீவுக் கூட்டத்தில் ஒன்று அது. கூட்டம் முழுக்கச் சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், கடலோரக் கிராமங்களில். 1788இல் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸின் இரண்டு கப்பல்கள் அங்கே உடைந்தன. ஐரோப்பிய வரலாற்றில் அந்தத் தீவுக்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான், தங்கள் கப்பல் மூழ்கிய இடம் என்று. 1920களிலிருந்து 1960கள் வரை ஒரு மரக் கம்பெனி அங்கே கௌரி மரங்களை வெட்டி ஏற்றியது. அங்கே மூன்று மொழிகள்: தெயானு, லோவோனோ, தானேமா. பின்னவை இரண்டையும் தெயானு மெல்ல விழுங்கிவிட்டது. 2000களில் மொழியியலாளர் அலெக்சாந்த்ர் ஃப்ரான்சுவா அங்கே போய்ப் பதிவு செய்தபோது, அவற்றைப் பேசத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள்.

முதலில் கப்பல் வந்தது, பிறகு ரம்பம் வந்தது, இப்போது சைக்கிள் வந்திருக்கிறது. இந்தச் சைக்கிள் ஒரு புல்லைக்கூட மிதிக்கவில்லை என்பது உண்மை. மரம் வெட்டியவனோடு இதைச் சமப்படுத்த மாட்டேன். ஆனால் 'இங்கே யாரும் இல்லை, நாம் வைத்துக்கொள்ளலாம்' என்கிற எண்ணம் மூன்றிலும் ஒன்றே. பொத்ரியார் 1981இல், நிலத்துக்கு முன்பே வரைபடம் வந்துவிடுகிறது என்று வாதிட்டார். அவர் விட்டுவிட்டது ஒன்று: வரைபடம் எல்லா நிலத்துக்கும் ஒரே மாதிரி முந்துவதில்லை. இதே மென்பொருளில் லண்டன் இருக்கிறது, லண்டனாகவே இருக்கிறது, பாலமும் கோபுரமுமாக. ஆல்ப்ஸின் ஆல்ப் துவேஸ் மலை, அதன் 21 வளைவுகளோடு 2018இல் வந்தது. லண்டனை அழித்துவிட்டு அதன் மேல் எரிமலை வைக்க யாருக்கும் தோன்றாது. தெயானுவின் மேல் வைக்கத் தோன்றுகிறது.

5

இத்தனையும் சொன்ன பிறகு கட்டுரையை இங்கேயே முடிப்பது எளிது. ஆனால் எதிர்ப்பக்கச் சாட்சிகளைக் கூப்பிடாமல் தீர்ப்புச் சொல்வது விமர்சனமாகாது.

2020 மார்ச்சில் ஸ்பெயினில் ஊரடங்கு வந்தபோது, தெருவில் சைக்கிள் ஓட்டிப் பயிற்சி எடுப்பதைத் தடை செய்தார்கள். தொழில்முறை வீரர்களுக்கும் அறைக்குள்தான் சாலை. அதற்கும் முன்னால், 2016 பிப்ரவரியில் மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலியர் பந்தயத்தில் விழுந்து கை முறிந்து, வீட்டு கராஜில் இந்தத் திரையின் முன்னால் வாரக்கணக்கில் மிதித்து, ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். கற்கள் பாவிய மெய்யான சாலையில்.

இதைவிட முக்கியமானது பெண்கள் விஷயம். பிரான்சின் பெரும் சைக்கிள் பந்தயமான டூர் தெ ஃபிரான்ஸை ஒட்டிப் பெண்களுக்கென 1984 முதல் 1989 வரை ஒரு பந்தயம் நடந்து நின்றுபோனது. 2020 ஜூலையில் அந்தப் பந்தயம் திரைக்குள் நடந்தபோது, பெண்களும் ஆண்களும் ஒரே சாலைகளில் ஓட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த முதல் உலக மின்விளையாட்டுச் சைக்கிள் போட்டியில் இருபாலாருக்கும் ஒரே தூரம், ஒரே பரிசுத்தொகை. பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ வென்றார். ஆண்களில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன், அவர் துடுப்புப் படகு வீரர். 2022இல் பெண்களுக்கான டூர் மறுபடி மெய்யான சாலைக்கு வந்தபோது, அதன் பெயரிலேயே ஸ்விஃப்ட் இருந்தது. 'பெண்கள் இத்தனை தூரம் தாங்க மாட்டார்கள், பார்க்க ஆள் வராது' என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்த ஆண்களின் சாலையைவிடப் பொய்ச்சாலை ஒருபடி நியாயமாக நடந்துகொண்டது. லாரிக்கும் சீண்டலுக்கும் பயப்படாமல் இரவு பதினோரு மணிக்கு ஒரு பெண் நூறு பேரோடு சைக்கிள் ஓட்டிப் போகலாம் என்றால், அதை 'பிரமை' என்று தள்ளிவிட ஆண் விமர்சகனுக்கு, எனக்கு, உரிமை கிடையாது.

ஆகவே என் வாதம் திரைக்கு எதிரானதல்ல. சாலை என்பது பொதுச்சொத்து. அதில் நடக்கலாம், மறிக்கலாம், ஊர்வலம் போகலாம், மாடு படுத்துக்கொள்ளலாம். குழி விழுந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். திரைச்சாலையில் மறியல் செய்ய முடியாது. உடல்கள் ஒன்றின் ஊடாக ஒன்று புகுந்து போய்விடும். 2024இல் உலகப் போட்டி ஸ்விஃப்டிலிருந்து மைவூஷ் என்ற அபுதாபி மென்பொருளுக்குப் போனது. சாம்பியன் பட்டத்துக்கான சாலையே ஒரு ஒப்பந்தத்தோடு இடம் மாறிவிட்டது. அதைத் தீர்மானித்த இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நாற்காலி இல்லை. தெயானுக்காரர்களுக்கு எப்போதுமே இல்லை.

தெருவில் பெண்ணுக்கு இடம் வேண்டும் என்று கேட்ட போராட்டங்களுக்கு, மாதம் இருபது டாலருக்கு ஒரு தெரு தருகிறேன் என்று மூலதனம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு கேள்வியைக் கைவிடுவதா, பதிலையும் வைத்துக்கொண்டு கேள்வியை இன்னும் உரக்கக் கேட்பதா என்பதுதான் நம் முன்னால் இருப்பது. ஒரே தூரம், ஒரே பரிசு என்பது திரைக்குள் சாத்தியம் என்றால் தார்ச்சாலையில் ஏன் இல்லை? பதினோரு மணிக்கு அங்கே போகலாம் என்றால் நம் தெருவில் ஏன் போக முடியாது? ஸ்விஃப்டை நாம் படிக்க வேண்டியது இந்தக் கேள்விகளுக்காக.