ஆங்கிலக் கப்பல் வழக்கும் தமிழ்க் கரை வழக்கும்

மரபுத்தொடர், அதனை வழங்கும் மக்களின் தொழிலில் வேரூன்றி வளர்வது. வேரை விட்டுச் சொல்லை மட்டும் பெயர்த்தெடுத்தால் பொருள் வாடிவிடும். ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் கப்பல் தொடர்களைத் தமிழாக்குவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

‘உண்மையான நிறங்களைக் காட்டினான்’ என்று எழுதுவோர் உளர். மூலத்தில் வரும் ‘கலர்ஸ்’ நிறம் அன்று; கப்பற்கொடி. பாய்க்கப்பல் காலத்துப் போர்க்கப்பல்கள் பொய்க்கொடி ஏற்றிப் பகைவரை நெருங்கி, சுடுமுன் தம் கொடியைக் காட்டுவதுண்டு. அதிலிருந்து எழுந்தது அத்தொடர். தமிழரோ ‘சாயம் வெளுத்தது’ என்பர். அது துணியிற் பிறந்த வழக்கு. பிறப்பிடம் வேறாயினும் பயன் ஒன்றே.

குடித்துத் தள்ளாடுபவனை ‘மூன்று ஷீட்டுகள் காற்றில்’ என்பது ஆங்கில மரபு. ஈண்டு ‘ஷீட்’ என்பது தாளும் அன்று, பாயும் அன்று. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு அது. கயிறு நழுவினால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். இவ்விளக்கம் பெற்ற மாணவன் தொடரை மறவான். அவ்வாறே ‘கயிறுகளைக் கற்றான்’ என்பதற்கு ‘நெளிவு சுளிவு அறிந்தான்’ என்னும் நம் வழக்கு முற்றும் பொருந்தும்.

‘ஒரே படகில் இருக்கிறோம்’ என்பது இன்று மேடைதோறும் கேட்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரே இக்கட்டில் அகப்பட்டமையைக் குறிக்கும். தமிழில் கேட்போர் ஒற்றுமை என்று கொள்ளவும் கூடும். ‘உன் கதியே என் கதியும்’ என்றால் ஐயத்திற்கு இடமில்லை.

தமிழில் இத்தகைய தொடர்கள் இல்லையோ எனின், உண்டு. ‘கரைசேர்ந்தான்’, ‘மானம் கப்பலேறிற்று’, ‘கப்பல் கவிழ்ந்தாற்போல் கன்னத்தில் கை வைத்தான்’ என்பன வீட்டு வழக்குகள். கூர்ந்து நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். ஆங்கிலத் தொடர்கள் பெரும்பாலும் கயிறு பிடித்த மாலுமியின் பேச்சு. நம் பொதுவழக்கோ கரையில் நிற்பவனும் பயணியும் கண்ட காட்சி. ஆங்கிலத்திற்குக் கட்டுமரத்தையும் மலாய்க்குக் கப்பலையும் சொல்லாகத் தந்த மொழி தமிழ். ஆயினும் அதன் மாலுமிச் சொற்கள் கடலோர ஊர்களோடு நின்றுவிட்டன எனலாம்.

கடலைக் காணாமலே வளரும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைக்கும் கப்பல் அயலானது அன்று. 1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்திறங்கியோரின் வழிவந்தோர் பேராக்கில் பலர். அவர்களுக்குக் ‘கரைசேர்தல்’ வெறுந்தொடர் அன்று; குடும்ப வரலாறு.

ஆசிரியர் பாடத்தை அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். தன் தொடரின் வேரை அறிந்த பிள்ளை பிறமொழித் தொடரின் வேரையும் தேடுவான். பட்டியலை மட்டும் மனனம் செய்த பிள்ளைக்கோ இரு மொழியும் நட்டாற்றில் விட்ட ஓடமாகும்.