தோல் நகரங்களில் நிதிப் பாடம்

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இல், ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல். தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள், ஊர்ப் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று கல்விச் சங்கம் வைத்து வளர்த்த கல்லூரிகள் இவை. இங்கே பி.காம்., பி.பி.ஏ. படிக்க வரும் மாணவருக்குப் பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் டேனரி இருக்கிறது, ஷூ கம்பெனி இருக்கிறது, டாலரிலும் யூரோவிலும் பணம் வாங்கும் ஏற்றுமதியாளர் இருக்கிறார். நிதியியல் கற்க இதைவிடத் தோதான இடம் என்று திருப்பூரைத் தவிர வேறு ஊரை என்னால் சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடம் முடித்து வெளியே வரும் மாணவர் படித்திருப்பது, மும்பைச் சந்தையில் பட்டியலான ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்கான நிதியியல். தன் ஊரில் பணம் எங்கே கிளம்புகிறது, எங்கே தேங்குகிறது, எப்போது திரும்புகிறது என்பது அவருடைய பாடத்தில் இல்லை. இளங்கலையிலேயே நிதி படிப்பதை நான் ஆதரிக்கிறேன். இப்போது அதைக் கற்பிக்கும் விதத்தை ஆதரிக்க முடியவில்லை.

முதலில் இந்தப் பட்டப் படிப்பின் பலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சிறியதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய மகள்கள் இன்று வணிகவியல் வகுப்பில் இருக்கிறார்கள். ஆய்வகக் கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்கும் வேலையை இந்தப் பட்டம் செய்துவருகிறது. அந்தப் பட்டதாரிக்கு வேலையும் கிடைக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு சிறு பட்டறைகளுக்கும் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் வேண்டியிருக்கிறது. ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்க வெளியே அனுப்பும் ஜாப் வொர்க் சரக்குக்குச் சலான் வேண்டும், உள்ளீட்டு வரியைச் சப்ளையரின் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும், ஏற்றுமதிச் சரக்குக்கான வரியைத் திரும்பக் கேட்க வேண்டும். பற்று வரவு தெரிந்த பெண் ஒருத்தி இல்லாமல் இந்த வேலை நடக்காது.

ரெட்டி, மூர்த்தி இருவரும் எழுதிய மார்கம் பதிப்பகப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றை மனப்பாடப் படிப்பு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. இறுதிக் கணக்கு, பங்கு வெளியீடு, தேய்மானம், செலவுக் கணக்கு என்று நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பழகிய கைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது. ஒரு ஐந்தொகையைப் பார்த்ததும் எந்த எண் உறுத்துகிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் அது. பொறியியல் முடித்துவிட்டு எம்.பி.ஏ.வில் நிதி எடுப்பவர்களிடம் இந்தப் பழக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டயக் கணக்காளர் படிப்புக்கும் இது நல்ல வாசல்: வணிகவியலில் 55 சதவீதம் எடுத்தவர் முதல் கட்டத் தேர்வு எழுதாமல் நேரே இடைநிலைக்குப் போகலாம்.

ஆக, கணக்கியல் பாதி நன்றாக நடக்கிறது. கோளாறு நிதியியல் பாதியில்தான்.

கணிதத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலையில் வணிகவியல் குரூப் எடுக்கும் பிள்ளைகள் பலர் வணிகக் கணிதத்துக்குப் பதில் கணினிப் பயன்பாடு எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு கணிதம் விட்டுப்போகிறது. இவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டில் நிகர நிகழ்கால மதிப்பு, பீட்டா, திட்ட விலக்கம் எல்லாம் வருகின்றன. மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதிய தொகுப்புக் கோட்பாடு சூத்திரமாக மட்டும் வந்து, தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது. முதல் ஆண்டில் ஒரு பருவம் முழுக்கக் கணிதத்துக்குக் கொடுத்தால் தீரக்கூடிய குறை இது.

எளிதில் தீராத குறை நடைமுறை மூலதனத்தில் இருக்கிறது. ஒரு சிறு டேனரியை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோல் வாங்கும்போதே பணம் போய்விடுகிறது. தோல் சுண்ணாம்பில் ஊறி, குரோம் ஏறி, வெட் புளூ ஆகி, கிரஸ்ட் ஆகி, ஃபினிஷ் ஆகிறது. பிறகு ஷூ கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனி ஷூவாக்கி, கப்பலேற்றி, ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ வாங்கியவர் தவணை முடிந்து பணம் அனுப்பிய பிறகுதான் டேனரிக்காரருக்குக் கணக்குத் தீர்க்க நினைக்கும். பச்சைத் தோலுக்குப் போன பணம் திரும்பிவர 150 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வங்கி எப்படிக் கடன் தருகிறது? 1992இல் அறிக்கை தந்த நாயக் குழுவின் வழிமுறை இன்றும் சிறு தொழில்களுக்கு நடப்பில் இருக்கிறது. வருட விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனமாக வேண்டும், அதில் 20 பங்கு வங்கி தரும், 5 பங்கு முதலாளி போடவேண்டும். 25 சதவீதம் என்றால் வருடத்தில் கால்வாசி: பணம் மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. 10 கோடி விற்பனை உள்ள டேனரிக்கு இந்தக் கணக்கில் 2.5 கோடி போதும். 150 நாள் சுழற்சிக்கு வேண்டியதோ ஏறத்தாழ 4.1 கோடி. நடுவே நிற்கும் 1.6 கோடியைச் சொந்தக்காரரிடமோ பைனான்ஸ்காரரிடமோ தோல் கொடுத்த வியாபாரியின் பொறுமையிலோதான் தேடவேண்டும். டேனரி லாபத்தில் ஓடினாலும் பணமில்லாமல் நின்றுபோவது இந்த இடைவெளியில்தான்.

வகுப்பில் டாண்டன் குழு, சோரே குழு, நாயக் குழு மூன்றும் ஐந்து மதிப்பெண் குறிப்புகளாக வருகின்றன. அமைத்த ஆண்டு, பரிந்துரைகள், அவ்வளவுதான். நாயக் குழுவின் மூன்று மாத அனுமானம் தன் ஊர்த் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று மாணவர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும், மற்ற இரண்டு குழுக்களும் தானாகப் புரியும். அதிலிருந்து அடுத்த கேள்விக்கும் போகலாம். 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு நடப்புக்கு வந்தது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் பணம் கொடுக்கும் வருடம் வரை அந்தச் செலவை வரிக்கணக்கில் கழிக்க முடியாது. ஷூ கம்பெனி 90 நாளில் தந்த பணத்தை 45 நாளில் தந்தால் டேனரியின் சுழற்சி 105 நாளாகும், தேவை 2.9 கோடிக்கு இறங்கும், இடைவெளி 40 லட்சத்துக்குள் வந்துவிடும். ஒரு சட்டப் பிரிவு 1.2 கோடி ரூபாய்க் கடனுக்குச் சமமாக வேலை செய்யக்கூடும். ஆனால் அந்தச் சுமை எங்கே போகிறது? ஷூ கம்பெனியின் தலைக்கு. அது தாங்குமா, அல்லது இந்தப் பிரிவுக்குள் வராத நடுத்தர டேனரிகளைத் தேடிப் போய்விடுமா? நிதியியல் என்று நான் நினைப்பது இதைத்தான். இருபது வயதில் கற்றுக்கொள்ள முடியாத அளவுக்கு இதில் எதுவும் கடினமில்லை.

ஏற்றுமதி நிதியும் அப்படியே. எல்.சி. எனப்படும் வங்கியின் கடனுறுதிக் கடிதம் என்றால் என்ன என்று வரையறை எழுதத் தெரிந்த மாணவருக்கு, 2007 முதல் உலகெங்கும் வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின்படி, ஆவணத்தில் சரக்கு விவரம் எல்.சி.யோடு முரண்பட்டாலோ தேதி தவறினாலோ வங்கி பணம் தர மறுக்கலாம் என்பது தெரிவதில்லை. பேக்கிங் கிரெடிட்டை ரூபாயில் வாங்குவதா டாலரில் வாங்குவதா, வரவிருக்கும் யூரோவை முன்கூட்டியே விலை பேசி விற்றுவைப்பதா, இ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவதா என்பவை ஆம்பூரில் அன்றாடம் எடுக்கும் முடிவுகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது வரியை 50 சதவீதமாக்கியது. எவ்வளவு விலை குறைத்தால் ஆர்டரைத் தக்கவைக்கலாம், எந்த அளவுக்குக் கீழே போனால் ஒரு ஷிஃப்டை நிறுத்துவது மேல் என்பது இறுதிநிலைச் செலவுக் கணக்கு. அந்தத் தாளும் பாடத்தில் இருக்கிறது, எக்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியின் பெயரில்.

டேனரிக் கழிவால் மாசுபட்ட பாலாறு பாடத்தில் இல்லாததுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே ஆற்றின் மாசு குறித்து நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும். சட்டத்துக்கு இது சுற்றுச்சூழல் வழக்கு. நிதியியலுக்கு இது, தொழிற்சாலைகளின் புத்தகத்தில் ஏறாமல் பாலாற்றங்கரை விவசாயிகளின் கிணற்றில் ஏறிய செலவு. ஒதுக்கீடுகள், நிகழக்கூடிய பொறுப்புகள் பற்றிய 29ஆம் கணக்கியல் தரநிலையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்க முடியாது. டேனரிகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் வாணிடெக், ராணிடெக் போன்ற பொதுச் சுத்திகரிப்புக் கம்பெனிகளும் அப்படித்தான். வருமானமே தராத முதலீட்டை எப்படி மதிப்பிடுவது, செலவை எந்த விகிதத்தில் பங்குபோடுவது, ஒரு உறுப்பினர் கட்டாவிட்டால் யார் சுமப்பது? மூலதன வரவுசெலவுத் தாள் முழுவதையும் இந்த ஒரு கம்பெனி மாதிரியை வைத்தே நடத்தலாம்.

வட்டி பற்றிய மௌனம் ஒன்றும் இருக்கிறது. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் கணிசமானோர், வட்டி கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் நிதியியல் முதல் பக்கத்திலிருந்து வட்டி விகிதத்தில் நிற்கிறது. முளாரபா, முஷாரகா போன்ற லாப நட்டப் பங்கு முறைகளும், கர்ளு ஹசன் என்னும் வட்டியில்லாக் கடனும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்ததையும், 2017இல் ரிசர்வ் வங்கி அதைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்ததையும் இரு பக்க நியாயங்களோடு விவாதிக்கலாம். நம்பிக்கையும் கணக்கும் மோதும் இடத்தில் மாணவரைத் தனியே விட்டுவிடுவது ஆசிரியருக்கு அழகில்லை.

தனியே விடப்படுபவர்கள் மாணவர்கள் மட்டுமில்லை. காட்பாடியை மையமாகக் கொண்டு இயங்கிய ஐ.எஃப்.எஸ். என்ற நிறுவனம் மாதத்துக்கு 6 சதவீதமும் அதற்கு மேலும் தருவதாகச் சொல்லி, பொருளாதாரக் குற்றப்பிரிவின் கணக்குப்படி ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் திரட்டி 2022இல் சரிந்தது. மாதம் 6 என்றால், கூட்டு வட்டி சேர்க்காமல் பார்த்தாலே வருடம் 72 சதவீதம். எந்தத் தொழில் அதைத் தரும் என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. இத்தனை வருடம் இத்தனை வணிகவியல் பட்டதாரிகளை அனுப்பிய வட்டாரத்தில் அந்தக் கேள்வி வீட்டு முற்றங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

உள்ளூர்த் தொழிலைப் படித்தால் மாணவரின் பார்வை குறுகிவிடாதா, அவர் பெங்களூருக்கோ துபாய்க்கோ போகவேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்.சி.யும் அந்நியச் செலாவணி ஒப்பந்தமும் துபாயிலும் ஒன்றுதான். கம்பெனிகள் தங்கள் கணக்கைக் காட்டுமா என்பது வலுவான ஆட்சேபம். காட்டத் தயங்கும், போட்டி அப்படி. ஆனால் ஐந்து வருடம் பழைய, பெயர் மறைத்த ஒரு ஏற்றுமதிக் கோப்பைத் தருவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆர்டர், பேக்கிங் கிரெடிட் விண்ணப்பம், எல்.சி., கப்பல் ரசீது, வங்கியின் ஆட்சேபக் கடிதம், கடைசியில் வந்த தொகை, இவ்வளவுதான் வேண்டும். அதை நடத்த, வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்களை வாரம் ஒரு வகுப்புக்கு அழைக்கலாம். நெட், பிஎச்.டி. தகுதியோடு வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு தொழிற்சாலையில்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களும் அந்த வகுப்பில் உட்காரட்டும்.

பி.பி.ஏ. படிப்பு 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்து அதற்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டமும் வந்திருக்கிறது. டெல்லியிலிருந்து வரும் பாடத்திட்டத்தில் ஆம்பூர் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் உள்ள கல்லூரிகள் தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டக் குழுவைக் கூட்டி, மூன்றாம் ஆண்டின் முதலீட்டு மேலாண்மைத் தாளை விருப்பப் பாடமாக்கி, அந்த இடத்தில் தோல் தொழிலின் நடைமுறை மூலதனமும் ஏற்றுமதி நிதியும் என்று ஒரு கட்டாயத் தாளை வைக்க அவற்றுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தத் தாளுக்கு வேண்டிய கோப்புகள், இந்தக் கல்லூரிகளை வளர்த்த சமூகத்தின் அலுவலக அலமாரிகளிலேயே இருக்கின்றன.